மாப்பிள்ளை மாற்றிய கம்ப்யூட்டர்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, வாசலிலேயே நிற்காதீர்கள். சாரல் அடிக்கிறது, கதவைச் சாத்திவிட்டு இப்படி உட்காருங்கள். ஒரு கம்ப்யூட்டர் வாயடைத்துப்போன கதை சொல்கிறேன். அது வாயடைத்ததில் ஒரு மனிதர் என்ன பாடு பட்டார் என்பதுதான் கதை.

தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறைகள் இருக்கும் சந்து ஒன்றில் முகம்மது ஹனீப் குடியிருந்தார். தோல் வெட்டுவதில் பேர் வாங்கிய மாஸ்டர். சர்க்கரை நோய் அவர் கண் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. கத்தியைக் கீழே வைத்தவர், வெகுநாள் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்துக் கிடந்தார். அவர் மனைவி நூர் நிஷாதான் கையைப் பிடித்து, பார்வையில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் இடத்துக்கு அழைத்துப்போனாள்.

அங்கே ஒரு வழி கிடைத்தது. திரையில் இருப்பதை ஒரு பெண்குரல் படித்துச் சொல்லும். அவர் கேட்டு, கீபோர்டைத் தட்டிப் பதில் எழுதுவார். பட்டறை முதலாளி நசீர் தனக்கு வருகிற ஆர்டர் மெயிலையெல்லாம் அவரிடமே ஒப்படைத்துவிட்டார். வீட்டில் உட்கார்ந்தபடி வேலை. தோல் விஷயம் அவருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

அந்தக் குரல் காலையிலிருந்து மூச்சு விடாமல் பேசும். நூர் நிஷா அதற்குச் சக்களத்தி என்றே பேர் வைத்திருந்தாள்.

“என் சக்களத்திக்கு வாய் ஓயுதா பாருங்க. நான் இவ்வளவு பேசினா கேப்பீகளா?”

“நீ எப்பம் இங்கிலீசுல பேசுதியோ, அப்பம் கேக்கேன்” என்பார் அவர்.

மகள் அதீபாவுக்கு, ரயிலில் போய்வரும் தூரத்தில் உள்ள கோபர்கைரனேயில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பேச்சு நடந்தபோது மாப்பிள்ளையின் தாயார் மறைக்காமல் கேட்டுவிட்டாள்: “வாப்பாவுக்குக் கண்ணு தெரியாது. நாளைக்கு எம் மவன் தலையில வந்து விழுவாகளோ?” ஹனீப் கோபப்படவில்லை. அந்த அம்மாளைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு மெயிலைக் கேட்டு, பதில் அடித்து, அனுப்பிக் காட்டினார். அதன் பிறகுதான் நிக்காஹ்வுக்கு நாள் குறித்தார்கள். அதனால் அந்த வேலை அவருக்கு வெறும் வேலை இல்லை, கண்ணுகளா. மகள் புகுந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க அவர் வைத்த சாட்சி அது.

மாப்பிள்ளை தப்ரேஸ் நல்ல பிள்ளை. கல்யாணம் முடிந்து விருந்துக்கு வந்தவன், சாப்பாட்டுக்கு முன்னால் மேஜைப் பக்கம் போனான்.

“மாமா, இந்த சிஸ்டம் பழசாயிட்டு. கம்பெனிக்காரன் இனி இதைக் கவனிக்க மாட்டான். வைரஸ் வந்தா கதம். நான் புதுசு போட்டுத் தாறேன்.”

“உங்களுக்கு எதுக்கு மாப்பிளே சிரமம்? ரெஸ்ட் எடுங்க.”

“இதுல என்ன மாமா சிரமம், உங்களுக்குச் செய்யாம?”

அன்போடுதான் செய்தான். பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றினான். அந்தக் குரல் தனியாகப் போட்டு வைத்திருந்த ஒரு புரோகிராம் என்பது அவனுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரோடு சேர்ந்தது, தானே பேசும் என்று நினைத்துவிட்டான்.

திரை வெளிச்சமாக விரிந்தது. “யா அல்லா, என்ன நீலம்! கடலு மாதிரில்லா கெடக்கு” என்றாள் நூர் நிஷா. அதீபா கைதட்டினாள். ஹனீப் நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கமாக அமுக்குகிற கீகளை அமுக்கினார். சத்தம் இல்லை. மறுபடி அமுக்கினார். இல்லை.

“எப்படி மாமா இருக்கு?”

எங்கள் தெற்கத்தி வீடுகளில் மாப்பிள்ளை வாங்கி வந்த பழம் புளித்தாலும் இனிக்கிறது என்றுதான் சொல்வோம். அதிலும் புது மாப்பிள்ளை, முதல் விருந்து. ஹனீப் கைகளால் துழாவி ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினார். கேட்கிறவர் போலத் தலையை ஆட்டினார்.

“ஏக்தம் சுத்தமா கேக்கு மாப்பிளே. முன்னைக்கு இப்பம் நல்லாருக்கு.”

தப்ரேஸுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பிரியாணியை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

மகளும் மருமகனும் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் ஹனீப் ஹெட்போனைக் கழற்றவில்லை. காலையில் உட்காருவார், கீகளைத் தட்டுவார், தலையாட்டுவார். நூர் நிஷா தரை துடைக்கும்போதுதான் கண்டாள். ஹெட்போன் வயரின் முனை எதிலும் செருகாமல் மேஜைக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“என்னங்க, இது எதுலயும் மாட்டவே இல்லையே. என்னத்தைக் கேக்கீக?”

அவர் கை நின்றது.

“அவ போயிட்டா நூரு. மாப்பிள்ளை துடைச்ச அன்னிக்கே போயிட்டா.”

“அல்லாவே! அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிச் சொல்ல? நீங்க கெடுத்துட்டீகன்னா?”

“அவுககிட்ட வேணாம். குர்லாவுல கடைக்காரன் எவனையாவது கூட்டியாந்து காட்டுவோம்.”

“மாப்பிள்ளை செஞ்சதை வேறொருத்தன் வந்து திருத்துனான்னு நாளைக்கே கோபர்கைரனே வரைக்கும் போயிரும். அவுக உம்மா காதுல எப்படி விழும்னு நெனைச்சுப் பாரு.”

அவளும் நினைத்துப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எழுத்து மட்டும் தெரியும். ஒவ்வோர் எழுத்தாக அவள் சொல்ல, அவர் மனசுக்குள் கூட்டிப் படித்தார். ஒரு மெயிலைக் கடப்பதற்குள் உலை கொதித்து அடங்கிவிடும். திரைக்குக் கீழே இன்னும் இருக்கிறது, உருட்டினால்தான் வரும் என்பது அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், ஆனால் அவள் கண் எதோடு நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

அப்படிக் கீழே தங்கிப்போன ஒரு மெயிலில், செம்பூர்க் கடைக்காரர் தன் ஆர்டரை நிறுத்தச் சொல்லியிருந்தார். இங்கே பட்டறையில் அந்த ஆர்டருக்கான தோல் முழுவதையும் வெட்டி முடித்திருந்தார்கள்.

நசீர் நேரிலேயே வந்தார். தேத்தண்ணீர் வேண்டாம் என்றார்.

“ஹனீப் பாய், வெட்டுன தோலு வேற எதுக்கும் ஆகாதுன்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?”

“வேண்டாம் சேட்.”

“ஒடம்பு சரியில்லைன்னா சொல்லியிருக்கலாம்லா? கொஞ்ச நாள் இருங்க. மெயிலை நானே பாத்துக்கிடுதேன்.”

நசீர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் ஹனீப். செருப்புச் சத்தம் சந்தில் தேய்ந்து மறையும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“நூரு, மாப்பிள்ளைக்குப் போன் போட்டுத் தா.”

“அதீபாவை நெனைச்சுக்கிடுங்க.”

“அவளைத்தான் நெனைக்கேன். நாளைக்கு அவளும் அங்க இப்படித்தான் வயரு தொங்க விட்டுட்டுத் தலையாட்டுவா. நம்மளைப் பாத்துத்தானே படிச்சா.”

நூர் நிஷா எண்ணை அழுத்திக் கொடுத்தாள்.

“மாப்பிளே, நீங்க போட்டுத் தந்தது எனக்குப் பேசலை. அன்னிக்கே பேசலை. நல்லாருக்குன்னு நான் சொன்னது பொய். வேலை கையை விட்டுப் போச்சு. ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்லை. சொல்லாம இருந்ததுதான் தப்பு.”

“வாறேன் மாமா” என்றான் தப்ரேஸ்.

அதீபாவையும் அழைத்துக்கொண்டு, குர்லாவில் வண்டி மாறி, நனைந்துபோய் வந்து சேர்ந்தான். துண்டைக் கொடுத்தால் வாங்கவில்லை. நேராக மேஜையில் உட்கார்ந்தான்.

“மாமா, அந்தப் புரோகிராம் பேர் என்ன?”

அவர் சொன்னார். அவன் தேடி ஏற்றினான். ஏற்றி முடித்ததும், யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தான். திரையை அணைத்துவிட்டான்.

“இப்பம் சொல்லுங்க. எந்தக் கீயை முதல்ல அமுக்குவீக? நானும் உங்களை மாதிரியே போய்ப் பாக்குதேன்.”

மெயில் பெட்டிக்குப் போய்ச் சேருவதற்குள் அவன் எத்தனையோ இடத்தில் வழி தப்பினான். ஹனீப் அவன் விரலைப் பிடித்துப் பிடித்து வைத்தார். குரல் வந்தது. பழைய குரல் இல்லை. வேகமாக, ஓர் ஆணின் குரல்.

“சக்களத்தி போயி கொழுந்தன் வந்துட்டானே” என்றாள் நூர் நிஷா. சிரிக்கத்தான் சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒங்க உம்மாகிட்ட என்ன சொன்னீக மாப்பிளே?” என்று மெல்லக் கேட்டார் ஹனீப்.

“மாமாவோட பொழப்பை நான் துடைச்சுட்டேன்னு சொன்னேன். ‘போயி அவுக கால்மாட்டுல உக்காந்து சரிபண்ணிக் குடுத்துட்டு வா’ன்னாக.”

மறுநாள் மாமனாரின் கை மருமகன் தோளில் இருக்க, இருவரும் நசீர் பட்டறைக்குப் போனார்கள். தப்ரேஸ் எல்லாவற்றையும் சொன்னான். வெட்டிய தோல் மூலையில் அடுக்கியபடி கிடந்தது. நசீர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு பார்ட்டியோட மெயிலை மட்டும் பாருங்க பாய். மத்ததைப் பெறவு பாப்போம்.”

அவ்வளவுதான் கிடைத்தது. ஹனீப் அதை வாங்கிக்கொண்டு வந்தார். புதுக் குரலுக்குக் காது பழக நாளாயிற்று; வேகத்தைக் குறைத்து வைத்து, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டார். அதீபாவும் தப்ரேஸும் ஞாயிறுதோறும் வருவார்கள். “மாமி, இன்னிக்குக் குழம்புல உப்பு கூடிட்டு” என்று அவன் சொன்னால், “அப்பம் நீங்க வந்து வைங்களேன் மாப்பிளே” என்று நூர் நிஷாவும் சொல்லப் பழகிவிட்டாள்.

போய்வாருங்கள் என் கண்ணுகளா, படியில் தண்ணீர் நிற்கிறது, பார்த்து இறங்குங்கள். உங்கள் வீட்டில் செய்கிற கைக்கும் குறை சொல்கிற வாய்க்கும் நடுவில் பயம் இல்லாமல் இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வருகிற மருமக்கள், தாங்கள் செய்தது தவறு என்று தெரிந்ததும் நனைந்துகொண்டாவது வந்து பக்கத்தில் உட்காருகிறவர்களாக அமையட்டும்.