பன்றி விலை நேரத்தில் தைத்த போர்வை

ஒன்பது வருடம் அலமாரியில் மடங்கிக் கிடந்த ஆர்டித் நைகார்டின் முடிக்காத கல்யாணப் போர்வை, 1981ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, தானே கதவைத் திறந்துகொண்டு பெர்னடீன் கொபெக்கியின் வீட்டுக்கு நடந்து போனது. பனி உருகித் தெருவெல்லாம் சேறு. கீழ் முனைகள் இரண்டையும் கால்களாக ஊன்றி, ஓரம் அழுக்காகாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனதாகத் தபால்காரர் சொன்னார். வழியில் அவருக்கு ஒரு வணக்கமும் வைத்ததாம். அவரும் தொப்பியைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கடிதம் கொடுக்கப் போய்விட்டார். நெப்ராஸ்காவில் எங்கள் வீலர் கிராசிங்கில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்பதுதான் இங்கே செய்தி, எப்படிப் போகிறார்கள் என்பதில்லை.

ஆர்டித் தைப்பதை விட்ட கதை ஊருக்கே தெரியும். மாவட்டக் கண்காட்சிக்கு அவள், துணித் துண்டுகளைக் கட்டம் கட்டமாக இணைத்த ஓர் ஒட்டுப்போர்வை கொடுத்திருந்தாள். குறையில்லாத வேலை கடவுளுக்கு மட்டுமே உரியது என்று எங்கள் பெண்கள் ஒரே ஒரு கட்டத்தை வேண்டுமென்றே தப்பாக வைப்பார்கள். ஆர்டித்தும் பணிவோடு ஒன்றைத் தப்பாக வைத்தாள். வெள்ளைக் கையுறை போட்ட நடுவர் அம்மாள் போர்வையைப் புரட்டிப் பார்த்து அட்டையில் பதினேழு தப்புகளை எழுதினாள். ஆர்டித் வேண்டுமென்றே வைத்த தப்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை. அன்று வீட்டுக்கு வந்தவள், மகள் கொலீனின் கல்யாணத்துக்காக ஆரம்பித்திருந்த போர்வையை மடித்து அலமாரியில் வைத்தாள். மேல்துணி ஒட்டி முடிந்து, நடுவில் பஞ்சும் அடியில் துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துப் பொடித்தையல் போடுவது மட்டும் பாக்கி. கல்யாணத்துக்குக் கடையில் வாங்கிய கம்பளி போனது. கொலீன் ஒமாஹாவில் குடித்தனம் வைத்து இரண்டு பிள்ளையும் பெற்றுவிட்டாள். போர்வை எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கேட்காததுதான் ஆர்டித்தின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் போர்வை திரும்பி வந்தது. அதன்மேல் ஆப்ரிகாட் ஜாம் வாசனை அடித்தது. பெர்னடீன் வீட்டில் ஜாம் வைத்துச் சுடும் கொலாச்சி ரொட்டியின் வாசனை அது. ஓரத்தில் நான்கு வரிசை புதுத்தையல். அங்குலத்துக்குப் பத்துத் தையல், நூல் பிடித்த மாதிரி. ஆர்டித்துக்கு எப்போதும் ஏழுதான் வரும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவாலயத்தின் அடித்தளத்தில் காபிப் பானைக்குப் பக்கத்திலேயே அவள் பெர்னடீனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் பெர்னடீன், அடுத்தவ போர்வைய வீட்டுக்குள்ள விட்டு ஊசி போடுறியே, வெக்கமா இல்ல?"

"நானா கூப்பிட்டேன்? அதுவா வந்து கதவத் தட்டுச்சு. பசியோட வந்தத வாசல்லயே நிக்க வைக்கச் சொல்றியா?"

"அது போர்வைடி!"

"ஒன்பது வருஷமா ஊசியையே கண்ணுல காட்டலியாமே நீ. எலும்பும் தோலுமா வந்து நிக்குது பாவம்."

சுற்றி இருந்தவர்கள் காபியைக் கலக்குவதுபோல் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்கள். விஷயம் சின்னதில்லை. எங்கள் தையல் கூட்டத்தின் சட்டப்படி, கடைசித் தையலை யார் போடுகிறாளோ அவள் பெயர்தான் போர்வையின் பின்புறச் சீட்டில் வரும். பெர்னடீன் முந்திக்கொண்டால், ஆர்டித்தின் மகள் ஆயுசு முழுக்க பெர்னடீனின் பெயருக்கு அடியில் படுத்துத் தூங்குவாள்.

மறுநாள் காலையில் நாள் முழுக்க உட்கார்ந்து தைத்துவிடுவதென்று கச்சை கட்டிக்கொண்டு இறங்கினாள். பத்துத் தையல் போட்டதும் நிறுத்தி, கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். இரண்டு கோணல். வெள்ளைக் கையுறை ஞாபகத்துக்கு வந்தது. ஜன்னலைப் பார்த்தாள், அடுப்பைத் துடைத்தாள், ஒன்றும் ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை போர்வை மறுபடியும் கிளம்பப் பார்த்தது. அலமாரிக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். போர்வை அந்த நாற்காலியையும் இழுத்துக்கொண்டு போனது. பெர்னடீன் நாற்காலியை மட்டும் கையோடு திருப்பி அனுப்பினாள்; போர்வை பொழுது சாய்ந்துதான் வந்தது.

வழி கிடைத்தது அவள் கணவன் மைலோவின் பிடிவாதத்தால். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு வானொலியில் ஒமாஹா சந்தையின் பன்றி விலையும் சோள விலையும் சொல்வார்கள். சரியாகக் கால்மணி நேரம். அந்தக் கால்மணி நேரம் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. பேசக்கூடாது, பாத்திரம் கழுவக்கூடாது. ஒருமுறை ஆர்டித் காரட்டைக் கடித்ததற்கு மைலோ மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். சத்தம் போடாத வேலை என்று வீட்டில் இருந்தது ஊசி வேலை ஒன்றுதான். புதன்கிழமை வேறு வழியில்லாமல் ஊசியை எடுத்தாள். பன்றி நூறு பவுண்டுக்கு நாற்பது டாலரிலிருந்து நாற்பத்தொன்றுக்கு ஏறி முடிவதற்குள் ஒரு முழம் தைத்திருந்தாள். தன் தையலைப் பார்த்து வெட்கப்பட அந்தக் கால்மணி நேரத்தில் இடமே இருக்கவில்லை. வானொலி நின்றதும் அவளும் நிறுத்தினாள். மறுநாள் போர்வை அலமாரியைவிட்டு அசையவில்லை. தினப்படி கால்மணி நேரம் ஊசி பட்டால் அதற்குப் போதும் என்று ஆர்டித்துக்குப் புரிந்தது.

ஆனால் சனிக்கிழமை சந்தை கிடையாது. பன்னிரண்டு அடித்தது, வானொலியில் யாரோ அக்கார்டியன் வாசித்தார்கள், ஆர்டித்தின் கை எழும்பவில்லை. பன்னிரண்டேகாலுக்குப் போர்வை கிளம்பிப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமையும் அதே கதை. அடுத்த சனிக்கிழமை மைலோ நாற்காலியை இழுத்துப் போட்டு, பழைய செய்தித்தாளை விரித்து, போன வாரத்துப் பன்றி விலையை உரக்க வாசிக்க ஆரம்பித்தான். கால்மணி நேரம், மூச்சு வாங்க வாங்க, ஒரு விலையைக்கூட விடவில்லை.

"எனக்காகவா படிக்கிறீங்க?" என்றாள் ஆர்டித்.

"உனக்கென்ன, எனக்குப் பழகிப்போச்சு. வாய மூடிட்டுத் தை" என்றான் மைலோ.

முப்பத்தெட்டு வருட தாம்பத்தியத்தில் அவன் அவளிடம் சொன்ன மிகப் பிரியமான வார்த்தை அதுதான் என்று ஆர்டித் பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

அடுத்த மூன்று வாரம் பெர்னடீனின் தையலைப் பிரிப்பதிலேயே கழிந்தது. போர்வைக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு நூலையும் உருவும்போது உடம்பைச் சுருட்டிக்கொண்டது. கடைசியில் இடது ஓரத்தில் இரண்டு வரிசை பாக்கி நின்றது. ஆர்டித் கத்தரியை எடுத்தாள், பார்த்தாள், கீழே வைத்தாள். அழகான தையல். பொறாமையில் கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் பிரிக்க மனசு வரவில்லை. கோடை வந்தது, சோளம் ஆளுயரம் வளர்ந்தது, அறுவடை முடிந்தது, பன்றி ஐம்பதைத் தொட்டுவிட்டு இறங்கியது. கொலீனுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது. பெர்னடீன் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஊசி குத்தாமலிருக்க விரலில் அங்குஸ்தானை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். "இன்னிக்கும் வரலியா?" என்று தபால்காரரைக் கேட்பாளாம்.

ஜனவரியில் பனிப்புயல் அடித்தது. மூன்று நாளுக்கு மின்சாரம் இல்லை, வானொலி ஊமை. மைலோவுக்கு ஜலதோஷம் பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. செய்தித்தாளை விரித்து வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. விளிம்புப் பட்டி தைக்க இன்னும் இரண்டு பக்கம் பாக்கி. பன்னிரண்டு மணி ஆனதும் போர்வை எழுந்து கதவருகே போய் நின்றது. இந்தப் புயலில் போனால் பெர்னடீன் வீட்டைத்தான் சேரும். அங்கே அடைபட்டுக் கிடக்கிற மூன்று நாளில் அவள் இரண்டு பக்கத்தையும் முடித்துவிடுவாள். மைலோ கையால் பன்றி மாதிரி சைகை காட்டினான், விரல்களில் நாற்பத்தைந்து என்று எண்ணிக் காட்டினான். போர்வை தாழ்ப்பாளில் முனையை வைத்தது.

ஆர்டித் அதைப் போகாதே என்று சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு நேரமில்லை. பன்னிரண்டு மணிக்கு ஊசியில் நூல் கோத்துப் பழகிய கை, கோத்து முடித்து, முடிச்சும் போட்டுவிட்டது. விலையில்லாமல், சத்தமில்லாமல், கை தன்பாட்டுக்கு மடியைத் தட்டி இடம் பண்ணியது. வேலை வேண்டுமென்று தனக்கே ஆசையாக இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பத்து வருடத்தில் முதல் தடவையாக அப்படி ஆசை வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. போர்வை திரும்பிப் பார்த்தது. பிறகு தாழ்ப்பாளை விட்டுவிட்டு நடந்து வந்து அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அன்று கால்மணி நேரம் முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை. மைலோ மட்டும் அடுப்புக்கு விறகு போட இரண்டு தடவை எழுந்தான்.

பிப்ரவரி கடைசியில் கடைசித் தையல் விழுந்தது. பின்புறச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் ஆர்டித், சேற்றில் தானே நடந்து பெர்னடீன் வீட்டுக்குப் போனாள்.

"என் தையல் ஏதாச்சும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள் பெர்னடீன்.

"ரெண்டு வரிச இருக்கு."

"எப்படி இருக்கு?"

ஆர்டித் கொலாச்சியை மென்றாள், காபி குடித்தாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள் கடைசியில். அதற்கு அரை நாளானது.

வெள்ளிக்கிழமை ஒமாஹா பேருந்தில் ஆர்டித் ஜன்னல் பக்கமும் போர்வை நடைவழிப் பக்கமும் உட்கார்ந்து போனார்கள். ஒரு கிழவர் ஏறியதும் போர்வை எழுந்து இடம் கொடுத்ததாக ஓட்டுநர் மெச்சிக்கொண்டார். கொலீன் வீட்டுப் படிகளில் அது ஆர்டித்துக்கு முன்னால் ஏறி, யாரையும் கேட்காமல் படுக்கையறைக்குப் போய்க் கட்டில்மேல் விரிந்தது. கொலீன் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்புறச் சீட்டைப் புரட்டிப் படித்தாள். "கொலீனுக்கு அம்மா தைத்தது. இரண்டு வரிசை மட்டும் பெர்னடீன் கொபெக்கி. எந்த இரண்டு என்று சொல்ல மாட்டேன்."

"மறந்துட்டியோன்னு நெனச்சேம்மா" என்றாள் கொலீன். ஆர்டித் குனிந்து போர்வையின் ஒரு மடிப்பை நீவிவிட்டாள். கொலீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நீ சொல்லாட்டி என்ன? சின்ன வயசுல எல்லா கவுனும் நீ தைச்சதுதானே. உன் தையல் எனக்குத் தெரியாதா? அங்குலத்துக்கு ஏழுதான் வரும் உனக்கு. எண்ணிப் பாத்தா தெரிஞ்சிடும்."

அவள் குனிந்து எண்ண ஆரம்பித்ததும், போர்வை தன் இடது ஓரத்தைச் சுருட்டி மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டது. கொலீன் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள். பிறகு, "சரி, விடு" என்று அதைத் தட்டிக் கொடுத்துவிட்டு, குழந்தையை அதன்மேல் போட்டுவிட்டுக் காபி போடப் போனாள்.