மீனில்லாத தொட்டிக்குத் தீனி

"கையை வச்சுக்கிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று மனைவி சொல்லாத நாள் இல்லை. மெக்கானிக்குக்கு எல்லா வேலையும் வரும், அந்த ஒன்றைத் தவிர.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லிஃப்ட் பழுது பார்த்தவர் அவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, எதுவானாலும் இந்த நிமிஷமே நடந்தாக வேண்டும் என்பது உடம்பில் ஊறிவிட்டது. லிஃப்ட் குழியில் விழுந்து முழங்கால் நொறுங்கியதும், டாக்டர் வீட்டில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே வீட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

வாசல் கேட்டில் பாதிவரை பச்சை பெயிண்ட் ஏறியது, மீதி துருவோடு நின்றது. புறாக்கூண்டு கூரை இல்லாமலே முடிந்துபோனது. மிக்ஸியின் வயிறு சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்தது. அதன்பிறகுதான் போனில் அந்த வீடியோவைப் பார்த்தார். மீன் தொட்டித் தண்ணீரிலேயே கீரை வளர்க்கலாமாம். மண்ணும் வேண்டாம், உரமும் வேண்டாம்.

கொல்லையில் நீல பிளாஸ்டிக் தொட்டி வந்து இறங்கியது. அதற்கு மேல் இரும்பு ஸ்டாண்டில், நீளவாக்கில் அறுத்த பாதி டிரம். டிரம் நிறைய ஜல்லிக்கல். பம்பு தண்ணீரை மேலே தள்ளும், தண்ணீர் கல்லுக்குள் புகுந்து வடிந்து திரும்பத் தொட்டியில் விழும். வளைவுக் குழாயில் ஒரு மூட்டு மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. "நாளைக்கு ஒட்டிடறேன்" என்றவர், அதற்குக் கீழே மிச்சமான கல் கிடந்த வாளியை நகர்த்தி வைத்தார். வாளி நிரம்பி வழிந்தது. நாளை வரவில்லை.

மனைவி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கிருமி நீக்கும் அறையில் வேலை பார்ப்பவள். அந்த வாளியைத் தாண்டும்போதெல்லாம் புடவையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க" என்றாள் ஒருநாள். "என் தம்பி வேனைத் தெருவுல விட்டுட்டுத் தினமும் கண்ணாடியை உடைச்சுக்கிறான். இந்த இடத்தைக் கேட்டான். மீனு வந்து ஒரு மாசம் உயிரோட இருந்துச்சுன்னா இடம் உங்களுக்கு. இல்லேன்னா தொட்டியைக் காலி பண்ணிட்டு அவனுக்கு விட்டுடணும். இன்னொரு புறாக்கூண்டை என்னால பாக்க முடியாது."

அவருக்குச் சுருக்கென்றது. புறாக்கூண்டைச் சொன்னதற்கல்ல, அது உண்மையாக இருந்ததற்கு.

மீனை மறுநாளே வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். முடியாதாம். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது மீனுக்கே விஷம். அதைத் தின்று செடிக்கு உணவாக மாற்றும் பாக்டீரியா முதலில் கல்லில் படிய வேண்டும். அதுவரை காலித் தொட்டியில் மீன் தீனியைப் போட்டு அழுகவிட்டு, அதைக் கொண்டு பாக்டீரியாவை வளர்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதில்மேல் மோவாயை வைத்துக்கொண்டு பார்த்தார். "என்ன மெக்கானிக், மீனெல்லாம் எங்க? டூர் போயிருக்கா?"

"வரும் வரும்."

"வர்றதுக்கு முன்னாடியே சாப்பாடு போடறீங்களே. சம்பந்தி வீட்டுக்காரங்களா?"

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் காத்திருந்தார். காலையில் தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து மருந்துச் சொட்டு விடுவார். பச்சையானால் அம்மோனியா இருக்கிறது, மஞ்சளானால் இல்லை. பச்சை, பச்சை, பச்சை. ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பார், எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் செருகிக்கொள்வார். ராத்திரி படுக்கையில் கால்விரல்கள் ஆடிக்கொண்டே இருக்கும். தீனி போட்ட மறுநாளும் குழாய் மஞ்சளாகவே நின்ற அன்று, சத்தம் போட்டுச் சிரித்தார். முழங்கால் வலித்தது.

மீன் பண்ணைக்கு மைத்துனன்தான் வேனில் கூட்டிப்போனான். "நல்லா இருக்கு மாமா. என் இடத்தைப் பிடிச்சுக்கிற மீனை என் வண்டியிலயே ஏத்திக்கிட்டு வர்றேன்."

"ரோட்டைப் பாத்து ஓட்டுடா மாப்ளே. பள்ளத்துல விட்டா மயங்கிடும்."

சாயங்காலம் திலேப்பியாக் குஞ்சுகள் தொட்டிக்குள் இறங்கின. மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒரு பூரிப்பு. மீனைப் பார்த்துத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து, தண்ணீர் விழும் இடத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு பக்கவாட்டில் மிதந்தன. குழாயில் மருந்தை விட்டார். பச்சை. கீரை இலையைவிடக் கரும்பச்சை.

நேற்று பம்பு வால்வைத் திருகினோமே, அதுவா? தீனி ஒரு கை கூடிவிட்டதா? பிடித்து வைத்த தண்ணீரை இறைத்து, பாதித் தண்ணீரை மாற்றினார். தீனியை நிறுத்தினார். மத்தியானம் திரும்பப் பார்த்தார். நிறம் சற்று இளகியிருந்தது, அவ்வளவுதான். செத்த இரண்டையும் பேப்பரில் சுற்றிப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அவள் கண்ணில் படாமல் எங்கே புதைப்பது என்று நொண்டி நொண்டிக் கொல்லையைச் சுற்றினார்.

பிறகு கல்லுக்குள் கையை விட்டார். மேல் கற்கள் எப்போதும் காய்ந்திருக்கும். உள்ளே இருப்பவை வழுக்க வேண்டும், மீன் முதுகு மாதிரி. விரலில் வழுக்கவில்லை. ஒரு கல்லை எடுத்தார். அதில் சோறு போட்டுத் தின்னலாம், அவ்வளவு சுத்தம்.

"இந்தாம்மா" என்று கூப்பிட்டார். "இந்தக் கல்லை யாராவது தொட்டாங்களா?"

அவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "இப்பத்தான் தெரிஞ்சுதா? நீங்க மீன் வாங்கப் போனப்ப மொத்தத்தையும் அள்ளி வெந்நியில அலசிப் போட்டேன். எத்தனை குண்டான் கொதிக்க வச்சேன் தெரியுமா, இடுப்பு கழண்டுபோச்சு. எவ்வளவு அழுக்கு! வழவழன்னு. சின்ன உயிரை அதுல விடுறதா?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். தொட்டியில் மீன்கள் செய்துகொண்டிருந்ததைத்தான் அவரும் செய்தார்.

"அந்த அழுக்குதாம்மா விஷத்தைத் தின்னும். இத்தனை நாளா தீனி போட்டு வளர்த்தது அதைத்தான்."

"கிருமியையா?"

"கிருமிதான். நம்ம கிருமி."

அவள் கல்லைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. மைத்துனன் அளவு டேப்பை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தான்.

"சும்மா நீளத்தை மட்டும் அளந்துட்டுப் போறேன்க்கா. என்ன, மீனெல்லாம் மேல நிக்குது? கதை முடிஞ்சுதா?"

"டேப்பை உள்ள வைடா" என்றாள் அவள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் தொட்டிக்கும் டிரம்முக்கும் நடுவே நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். "வேற எங்கயாவது இருக்காதா அது? கடையில கிடைக்காதா? அந்தப் பண்ணைக்காரரைக் கேட்டா? ஏங்க, ஏதாவது பேசுங்க!"

அவர் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒட்டாமல் விட்ட மூட்டு. தொட்டித் தண்ணீர் விடாமல் சொட்டிச் சொட்டி, வழிந்துகொண்டே இருந்த வாளி. குனிந்து கல்லுக்குள் விரலை விட்டார். பழுப்பு நிறம் நகத்தில் ஏறியது. வழுக்கியது. மழை நனைத்த மண் வாசனை.

"இதைக் கழுவலையா நீ?"

"தூக்க முடியலை. தம்பி வந்ததும் வெளிய கொட்டச் சொல்லலாம்னு..."

"மாப்ளே, தூக்குடா."

"எனக்கு இடம் கேட்டு வந்தா என்னையே மூட்டை தூக்க விடுறீங்களே மாமா" என்று முனகிக்கொண்டே அவன் தூக்கினான். சட்டையெல்லாம் சேறு. டிரம்மின் நடுவில் குழி பறித்து, அந்தக் கற்களைத் தண்ணீர் விழும் இடத்தில் புதைத்தார்கள். அவளே இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். விரலிடுக்கில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாதவர்கள் இரண்டு பேர் ஆனார்கள். தினமும் தண்ணீர் மாற்றினார்கள். மூன்றாவதாக ஒரு மீனும் செத்தது. அவள் வேலை முடிந்து வந்தால், முகக்கவசத் தடம் மூக்கில் இருக்கும்போதே கொல்லைக்கு ஓடுவாள். சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள்.

"நேத்தைவிடக் குறைஞ்சிருக்குல்ல?"

"அதே பச்சைதான்."

"சரியாப் பாருங்க. வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தா என்ன?"

"கையை வச்சுக்கிட்டுக் கொஞ்சம் சும்மா இரேன்" என்றார் அவர். சொன்னபிறகு, தன் கை சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைத் தடவுவது தெரிந்தது.

குழாய் வெளிறத் தொடங்கியது. மஞ்சள் என்று சொல்லிவிட முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது. மீன்கள் அடியில் நீந்தின. மைத்துனன் தையல்காரர் வீட்டுப் பக்கச் சந்தில் வேனை விட இடம் கேட்டுக்கொண்டிருந்தான். மாசம் முடிய இன்னும் நாள் இருந்தது, ஆனால் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

அன்று காலை பசையும் துணியுமாக, அந்தக் குழாய் மூட்டை ஒட்டியே தீருவது என்று கொல்லைக்கு வந்தார். சொட்டுக்குக் கீழே ஒரு புது வாளி இருந்தது. அதில் விளிம்புவரை ஜல்லிக்கல், மேலே தண்ணீர். அவர் வைக்கவில்லை.

பசையை மூடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, வாளி சரியாகச் சொட்டுக்குக் கீழேதான் இருக்கிறதா என்று, ஒரு விரல் அளவு நகர்த்திப் பார்த்தார்.