புள்ளி வைத்த இரும்பு

…சொல்லிவிடலாம், இப்போதும் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை, முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு நிமிர்கிறபோது, ஏனுங்க, அந்த ஸ்டேரிங் பொட்டியத் தாங்கற பட்டைய நீங்க இன்னும் முழுசாப் பத்த வெக்கவே இல்லீங்க என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் முடிந்தது, அவன் குனிந்து பார்ப்பான், ஒரு கெட்ட வார்த்தை சொல்வான், வெல்டிங் மிஷினை இழுத்து வந்து பத்தவைப்பான், அப்புறம் இந்த ஜீப்புக்கு ஒன்றும் ஆகாது… நாகஜோதி பழத்தை வைத்தாள், நிமிர்ந்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். நெருப்பெரிச்சல் வெயில் புதுக் கறுப்புப் பெயின்டில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. போன ஆடியிலிருந்து வாசலில் எலும்புக்கூடாகக் கிடந்த வண்டி, துணி காயப்போட இடமில்லாமல் அடைத்துக்கொண்டு கிடந்த வண்டி, இன்றைக்குக் கழுத்தில் மாலையோடு நிற்கிறது. மோகன்ராஜ் பானெட்டைத் தடவினான், "தங்கம், எப்புடி இருக்கற பாரு" என்றான் வண்டியிடம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மாதிரி ஒரு தடவல், அந்த மாதிரி ஒரு தங்கம்… சே, எதற்கு இப்போது அது.

பட்டை எதிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாதா. அவளுடைய தையல் மிஷின் ஸ்டாண்டின் கால் அது. வேறொரு பெரிய வண்டியிலிருந்து கழற்றிய ஸ்டேரிங் பெட்டி இந்தப் பழைய ஜீப்பில் உட்காரவில்லை, தனியாக ஒரு தாங்கி செய்தாக வேண்டும், அதற்குக் கனமான ஆங்கிள் வேண்டும், இரும்புக்கடை ஒன்றும் ஊரில் மூடிக் கிடக்கவில்லை, ஆனாலும் அவள் தலைக்குக் குளித்துவிட்டு வருவதற்குள் மிஷின் தலையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு ஸ்டாண்டைக் கட்டிங் வீலில் அறுத்துக்கொண்டிருந்தான். பொறி பறந்தது. கம்பெனியிலிருந்து வந்த குழந்தை பனியன் கட்டு பக்கத்திலேயே கிடந்தது, அதில் பாதிக்குத்தான் கழுத்து தைத்திருந்தாள். கூட இருந்த சகாயராஜ்தான், அவனுடைய சிநேகிதன், "ஏன்டா, தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றான். "அவகிட்ட என்னத்தக் கேக்கறது, இரும்புகிட்டக் கேட்டுட்டா அறுக்கறேன்?" மிஷின் ஓடினால் அவன் பேசுவது எதுவும் காதில் விழாது, அதற்காகவே கால் வலிக்க வலிக்க ஓட்டுவாள், அது அவனுக்குத் தெரிந்திருக்குமோ, தெரிந்துதான் அறுத்தானோ… இப்போது அந்தத் தலை படுக்கையறை மூலையில் பழைய பனியன் துணியைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது, செத்த ஆட்டின் தலை மாதிரி.

அந்தப் பட்டையைப் பிடித்தவளும் அவள்தானே. வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, கட்டையால் முட்டுக்கொடுத்து… "ஆட்டாத. ஆட்டினா இதையே உம் மூஞ்சியில வெச்சுருவேன்." மாஸ்க் ஒன்றுதான் இருந்தது, அது அவனிடம். ராத்திரி முழுக்கக் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல எரிந்தது, உருளைக்கிழங்கை நறுக்கி இமைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தவளைப் பார்த்து, அதுல பொரியலாவது பண்ணியிருக்கலாம் என்று சொல்லிச் சிரித்தான். பட்டை நகராமல் இருக்க ஓரங்களில் முதலில் அங்கங்கே வெல்டால் புள்ளி வைத்தான், புள்ளி வைத்து முடித்ததும் கரண்டு போனது, எழுந்துபோய்ச் சாப்பிட்டான், தூங்கினான், மறுநாள் பம்பரில் கைவைத்தான். இதை மறந்தே போனான். பெயின்ட் அடிக்கிறபோது டப்பாவைப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்தாள், முழுக்க ஓடின வெல்டு கம்பளிப்பூச்சி மாதிரி வரிவரியாக இருக்கும், இங்கே புள்ளிகள்தான் இருந்தன, கோலத்துக்கு வைத்து இழுக்காமல் விட்ட புள்ளிகள். ஏனுங்க, அந்த ஸ்டேரிங்கு… என்று ஆரம்பிக்கத்தான் செய்தாள். "ஸ்டேரிங்கா? ரசத்துல உப்புப் பாக்கத் தெரியாத கழுதைக்கு ஸ்டேரிங்கு!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிரஷ் அதன்மேல் போய்வந்தது, எல்லாம் ஒரே கறுப்பு. நான் சொல்ல வந்தேன்தானே, சொல்ல விடாதது அவன்தானே… அப்புறம் கிடந்த நாட்களில் ஏன் சொல்லவில்லை? சமைக்கிறபோது, தலைவாருகிறபோது, அவன் குறட்டை விடுகிறபோது, அது அவளுக்குள் ஒரு மிட்டாய் மாதிரிக் கரையாமல் கிடந்தது.

சகாயராஜ் புல்லட்டை நிறுத்திவிட்டு வந்தான். "அமோகமா இருக்குதுங்க தங்கச்சி" என்றான் அவளைப் பார்த்து, அவளும்தான் செய்தாள் என்பது போல. பழைய கல்குழி வரைக்கும் ஓட்டிப்போய் அந்த ஏற்றத்தில் ஏற்றுவதாக ஏற்பாடு. மோகன்ராஜ் சாவியை அவனிடம் வீசினான். "மொத ரவுண்டு நீ எடுடா, நான் வெளிய நின்னு வீடியோ எடுக்கறேன்." ஐயோ, இந்த அண்ணனா… இவர் இல்லையே. சகாயராஜ் படியில் கால் வைத்துவிட்டான். இப்போது சொல்லத்தான் வேண்டும், வாயைத் திறந்தாள், வந்தது வேறு வார்த்தை. "அண்ணா, மொதல்ல அவரே ஓட்டட்டுமுங்க. கைபடச் செஞ்சவரு." குரல் எவ்வளவு இதமாக இருந்தது, யாருடைய குரல் அது? மோகன்ராஜ் உரக்கச் சிரித்தான். "பார்றா, எம் பொண்டாட்டிக்கு இன்னைக்குத்தான் புத்தி வந்திருக்குது!" சாவியை வாங்கிக்கொண்டு ஏறினான். இதுவரை சும்மா இருந்தாள், சும்மா இருப்பது என்பது எதையும் செய்வது ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்… தெருவில் குழந்தைகள் யாராவது நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பார்த்தாளே, அதுகூடத் தோன்றியதே.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி சரிவில் இறங்கி வேகம் பிடித்தது, தெருமுனையில் இடது பக்கம் திரும்ப வேண்டும், அவன் ஸ்டேரிங்கை ஒடிப்பது பின்னாலிருந்து தெரிந்தது, ஒடித்தான், இன்னும் ஒடித்தான், சக்கரம் நேராகவே போனது. பூட்டிக் கிடந்த குடோன் சுவர். அந்தச் சத்தம் அவள் இத்தனை நாள் மனசுக்குள் கேட்டுப் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. எல்லாரும் ஓடினார்கள். அவள் வீட்டுக்குள் போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு, சிந்தாமல் நடந்து போனாள். அவனை இழுத்துக் கீழே கிடத்தியிருந்தார்கள், வலது முழங்கால் இருந்த இடத்தில் கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, அம்மா அம்மா என்று அலறினான். பாவமாக இருக்கிறதா என்று தனக்குள் தேடிப்பார்த்தாள். தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், மனைவிதானே, பார்க்கிறார்களே.

சகாயராஜ் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வெளுத்த முகத்தோடு எழுந்தான். "பாவி, வெறும் புள்ளிதான்டா வெச்சிருக்கற, வெல்டு ஓட்டவே இல்லியேடா!" "ஓட்டினேன்… நான் முழுசா ஓட்டினேன்… இரும்பு மோசம்டா, இவ மிஷின் இரும்பு, பீத்த இரும்பு…" பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் மடியிலேயே தலையை வைத்துக்கொண்டு சொன்னான். "பத்த வெக்கறப்ப கூட யாருடா இருந்தது? ஒருத்தன்கூடவா பாக்கல?" இதோ, வந்துவிட்டது, கேட்கப் போகிறார்கள், அவன் கண்ணைத் திறந்து அவளைக் காட்டப் போகிறான்… "யாருமில்ல. நான் மட்டுந்தான்." வேண்டுமென்று மறைக்கவில்லை, அந்த முகத்தில் அதற்கெல்லாம் தெம்பில்லை, உண்மையாகவே அவனுக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது. சகாயராஜ் அவள் தோளுக்குப் பக்கத்தில் குனிந்தான், "நீங்க பயந்துக்காதீங்க தங்கச்சி, ஆம்புலன்ஸு வந்துக்கிட்டிருக்குது, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்." ஒன்றும் தெரியாது. தப்பித்தாய், போ. மாட்டிக்கொள்வோம் என்றுதான் பயந்திருந்ததாக நினைத்தாள், அப்படியானால் இப்போது சொல்லிவிடத் துடிப்பது எதற்கு, நான் இருந்தேன், அடியில் படுத்து நான்தான் பிடித்தேன், எனக்குத் தெரியும், எல்லாருக்கும் முன்னால் எனக்குத்தான் தெரியும் என்று… அவன் தண்ணீர் கேட்டான். வாயில் ஊற்றினாள், அவன் விழுங்குவதற்குள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள், அவன் புரையேறி இருமினான், யாரும் அவளைப் பார்க்கவில்லை.