ஒரு கை வைக்காத கோட்டு

அந்தக் கோட்டு சாம்பல் நிறமா, கருநீலமா என்பது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. பார்வதி அன்று சிரித்தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதுகூட நானாகப் பின்னால் சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். நான் போட்டுக்கொண்டபோது கோட்டுக்கு இடது கை இல்லை. அதில் மட்டும் சந்தேகமில்லை.

நெல்லித்தோப்பில் பார்வதி வீடும் எங்கள் வீடும் எதிரெதிர். அவளை நான் விரும்பினேன். யாரிடமும் சொன்னதில்லை. மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலைப் பார்ப்பதையே ஒரு பேச்சு என்று நினைத்திருந்தேன். என் சிநேகிதன் வடிவேல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தான். ஒரு லீவில் ஊருக்கு வந்தவன், அவளுடைய அம்மா அஞ்சலாட்சியிடம் நேராகப் போய்ப் பெண் கேட்டான். பேசி முடித்துவிட்டு அல்ஜீரியாவுக்குத் திரும்பிப் போனான்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊர் இந்தியாவோடு சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியும் சொல்தா மாப்பிள்ளைக்கு மவுசு குறையவில்லை. பெண் வீட்டார் கோட்டு தைத்துத் தர வேண்டும். மாப்பிள்ளை அழைப்புக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவான். வடிவேல் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வந்து சேர்வதாக இருந்தது. அளவு கொடுக்க ஆள் வேண்டும்.

"நீயும் அவனும் ஒரே சட்டைய மாத்தி மாத்திப் போட்டவங்கதான?" என்றாள் அஞ்சலாட்சி. "நீ வந்து நில்லு தம்பி."

போய் நின்றேன்.

தையற்காரர் அன்வருதீன் பாய், பிரித்துத் திருத்தத் தோதாக ஓட்டுத்தையல் மட்டும் போட்ட கோட்டை வீட்டுக்கே கொண்டுவந்தார். அதை என் தோளில் ஏற்றும் முன் அஞ்சலாட்சி தடுத்தாள். கல்யாண உடுப்பு முழுசாகிவிட்டால் மாப்பிள்ளைக்கு முன்னால் வேறு ஆண் உடம்பில் படக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஒரு கை இல்லாதவரை அது வெறும் துணி. பாய் இடது கையைப் பிரித்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா. இவன் பேரே அம்மாவாசை. மாப்ளதான் பௌர்ணமி, கப்பல்ல வருது."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பார்வதி வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மேல் பொத்தானப் போடாதீங்கண்ணே. அவரு போட மாட்டாரு."

கழற்றினேன். காலரை மடித்து விட்டாள்.

"பதவி ஒசந்து கப்பொரால் ஆயிட்டாரு, தெரியுமா? உங்களுக்கு எழுதினாரா?"

"இல்ல."

"எனக்கு எழுதினாரு." கைக்குட்டையை முக்கோணமாக மடித்து மார்புப் பையில் செருகினாள். சரியில்லை என்று உருவி, மறுபடி மடித்தாள். "ஓரான் பட்டணத்துல தனி ரூம் குடுத்திருக்காங்களாம். சன்னலத் தொறந்தா கடலாம். பிரெஞ்சு மறந்துடாம வச்சிருன்னு எழுதியிருக்காரு. நான் எங்க மறந்தேன்?"

ஒவ்வொரு சேதிக்கும் கோட்டில் ஓர் இடம் திருந்தியது. சித்திரை வெயிலில் அந்தக் கம்பளித் துணிக்குள் எனக்கு வியர்த்து வழிந்தது. அவள் விரல் பட்டதெல்லாம் துணியில்தான். அந்தத் துணி அவன் மார்பாக இருந்தது, நான் அதற்குக் கொடுத்த முட்டாக இருந்தேன்.

பாய் இரண்டடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கினார். "தம்பிக்கு இடது தோள் எறங்கியிருக்கே. மாப்பிள்ளைக்கும் இப்படித்தானா? இல்ல, சமமா வெட்டட்டுமா?"

எனக்குப் பிறவியிலேயே அப்படி. சும்மா இருந்தால் போதும், கோட்டு என் தோளுக்கு அமையும். ஊர் பார்க்க அது அவன்மேல் கோணலாகத் தொங்கும். சும்மா இருப்பது எனக்கு நன்றாக வரும். ஆனால் பார்வதி முந்திக்கொண்டாள்.

"அவரா? அவரு நேரா நிப்பாரு பாய்." என் தோளைப் பார்த்தாள். "இல்லையாண்ணே?"

அந்த ஒரு பார்வைக்குப் பிறகு எனக்கு அந்தக் கோட்டே வேண்டாமென்று இருந்தது.

"ஆமா. அவனுக்குத் தோள் சமம்," என்றேன்.

வடிவேல் பம்பாயில் இறங்கி ரயில் பிடித்து வந்து சேர்ந்தான். பட்டாளத்து மேலங்கியைக் கழற்றாமலே எல்லோரையும் கும்பிட்டான். அழைப்புக்குக் கிளம்பும் முன் பெண் வீட்டுக் கூடத்தில் தட்டிலிருந்து கோட்டை எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டார்கள். வலது பக்கம் வார்த்த மாதிரி இருந்தது. இடது தோளில் துணி சட்டிமேல் சரியாக மூடாத தட்டுப்போல எழும்பி நின்றது.

வடிவேலின் தோள் இறங்கியிருந்தது. ஏறக்குறைய என் தோள் மாதிரியே.

"அங்க பட்டாளத்து வண்டி கவுந்து தோள் போயிடுச்சுடா," என்று என் காதில் சொன்னான். "எழுதினா கல்யாணத்த நிறுத்திடுவாங்கன்னு எழுதல. நீயாவது 'அவனுக்கும் என்னப் போலத்தான்'னு சொல்லித் தெக்க வச்சிருக்கக் கூடாதா?"

"எனக்கு எப்படிடா தெரியும்?"

பின்னால் பாய் முணுமுணுத்தார்: "தம்பி தோளுக்கே தெச்சிருந்தா கச்சிதமா உக்காந்திருக்கும்."

அஞ்சலாட்சி முகம் வெளுத்துவிட்டது. "கை வெளங்குதா? வேலையில வச்சிக்குவாங்களா? மறச்சுட்டீங்களே மாப்ள!" நிச்சயத்தை முறித்துவிடலாம் என்பதுபோலப் பெண் வீட்டுப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணம் நின்றுவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். நின்றுபோனால் எதிர்வீட்டுக்காரனை அவர்களுக்கு நினைவு வராமலா போகும்? நான் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டேன்.

பார்வதி வெளியே வந்தாள். மணப்பெண் அந்த நேரத்தில் வரக்கூடாது, வந்தாள். தட்டிலிருந்த சரிகை அங்கவஸ்திரத்தை உதறி, கொசுவமாக மடித்து, அவன் இடது தோளில் போட்டாள். ஒரு முனையை முன்னால் தொங்கவிட்டாள்; மறுமுனையை முதுகுப் பக்கம் கொண்டுபோய்க் கையடியில் சொருகினாள். மேல் பொத்தானைத் திறந்துவிட்டாள். எழும்பி நின்ற துணி அடங்கிப்போயிற்று.

"அங்க நம்ம ஊரு சொல்தாங்கல்லாம் இப்ப இப்படித்தான் போடறாங்களாம்மா. அவரு எழுதியிருந்தாரு."

பொய். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தோளையே பார்த்தாள். என் தோளைப் பார்த்த அதே கண்கள்தான். அந்த நிமிஷம் நான் பொறாமைப்பட்டது வடிவேலைப் பார்த்து அல்ல, அந்த இறங்கிய தோளைப் பார்த்து. எனக்கும் அதே தோள்தான் இருந்தது.

"அவளே போட்டுவிட்டுட்டா, இனி எப்படிப் போட்டா என்ன, நேரமாச்சு, கெளம்புங்க," என்றாள் அஞ்சலாட்சி.

அடுத்த முகூர்த்தங்களில் நெல்லித்தோப்பு மாப்பிள்ளைகள் இரண்டு பேர் கோட்டின்மேல் அங்கவஸ்திரத்தை அப்படிப் போட்டுக்கொண்டு அழைப்பு வந்தார்கள்.

வடிவேலைப் பட்டாளத்தில் வைத்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சு தேசத்து மர்சேய் துறைமுகத்தில் வாசல் காவல் வேலை கிடைத்தது. பார்வதி அவனோடு போனாள். இரண்டு பெண் குழந்தைகள். எந்த நாட்டுப் பிரஜை என்று அறுபத்திரண்டில் கேட்டபோது கையெழுத்துப் போட்டுப் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்துவிட்டார்கள். அஞ்சலாட்சி எதிர்வீட்டிலேயே இருக்கிறாள். அன்வருதீன் பாய் கடையை முதலியார்பேட்டைக்கு மாற்றிக்கொண்டார். நான் மூலக்குளத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை.