இடது பொத்தான்

விடியற்காலை ஐந்தரைக்கே இயந்திரங்களைச் சூடேற்றிவிடுவார்கள். ஆறு மணிக்கு லோஜினி மேல் கொட்டகைக்குள் நுழையும்போது கந்தக நெடி வந்து தொண்டையில் உட்காரும். வெளியே வத்தேகம மலையில் பனி கலைந்திருக்காது. உள்ளே நூற்றறுபது பாகை சூட்டில் இரும்பு அச்சுகள் திறந்தபடி காத்திருக்கும். அச்சிலுள்ள பன்னிரண்டு குழிகளிலும் றப்பர் துண்டுகளை வைத்து, இடது பொத்தானை ஒரு கையாலும் வலது பொத்தானை மறு கையாலும் சேர்த்து அழுத்தினால் மேல் தட்டு இறங்கி அச்சை மூடும். எட்டு நிமிடம் வெந்ததும் பித்தளைக் கம்பியால் நெம்பி எடுத்து, ஓரத்துப் பிசிறை வெட்டி, கூடையில் போட வேண்டும். ஆளுக்கு இரண்டு இயந்திரம். முழங்கைக்குக் கீழே சுட்ட தழும்பில்லாத பெண் அங்கே ஒருத்தி கிடையாது.

அந்தப் புதன்கிழமை லோஜினியின் இயந்திரத்துக்குப் புதிதாக ஓர் அச்சு வந்தது. புதிது என்ன புதிது, கீழ்க் கொட்டகையில் இருந்ததுதான். முதல்நாள் காலை பத்து மணிக்கு அங்கே வேலை செய்யும் கைரியாவின் இடது கை விரல்களில் நான்கை நசுக்கிய அதே அச்சு. கழுவித் துடைத்துத் தள்ளுவண்டியில் ஏற்றி, மூன்று பேர் மூச்சிரைக்கச் சரிவில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். விபத்து நடந்த இயந்திரத்தைத்தான் மூடினார்களே தவிர, அதன் வேலையை மூடவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் இரண்டு கொட்டகைகள். மேல் கொட்டகையில் பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பெண்கள். கீழ்க் கொட்டகையில் மடவளைப் பக்கத்து முஸ்லிம் பெண்கள். வருவதும் வெவ்வேறு பஸ், தேத்தண்ணி குடிப்பதும் வெவ்வேறு நேரம். இரண்டிலும் செய்வது ஸ்போர்ட்ஸ் காரின் சக்கரத்துக்கு மேலே அதிர்வு தாங்கப் பொருத்தும் றப்பர் புஷ். ஆனால் கார் வேறு, கம்பனி வேறு என்று மனேஜர் சுதேஷ் சொல்லியிருந்தார். மேல் கொட்டகைச் சுவரில் ஒரு சிவப்புக் காரின் படம், கீழ்க் கொட்டகைச் சுவரில் ஒரு நீலக் காரின் படம்.

"அந்த ரெண்டு கம்பனியும் பாம்பும் கீரியும்" என்பார் சுதேஷ். "அவங்க கார் ஓடுனா நம்ம கார் விக்காது. நம்ம கார் விக்காட்டி ஒங்களுக்கு வேல இல்ல. கீழ்க் கொட்டகை செட்ட முந்தணும், அவ்வளவுதான்."

பெண்களும் அதை நம்பினார்கள். 'நம்ம கார்' என்றே பேசினார்கள். கண்டி வீதியில் அப்படியொரு கார் ஓடி அவர்களில் யாரும் பார்த்ததில்லை. "ரெண்டே ரெண்டு சீட்டாம். புருசன் பொண்டாட்டி ஏறிட்டா மாமியா எதுல வர்றது?" என்று பக்கத்து இயந்திரத்துப் பாலம்மா கேட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பாள். ஆனாலும் மாதக் கடைசியில் கீழ்க் கொட்டகை தோற்றது என்று தெரிந்தால் முதலில் கை தட்டுகிறவளும் அவள்தான்.

லோஜினி அந்த அச்சில் முதல் தட்டை, பன்னிரண்டு புஷ்களையும், வேகவைத்து எடுத்தாள். சூடாக இருந்த ஒன்றைத் தன் பழைய அச்சின் புஷ்ஷுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தாள். அளவுக் கருவியைப் போட்டுப் பார்த்தாள். தராசில் வைத்துப் பார்த்தாள். ஓரத்தில் பொறித்திருந்த எண் மட்டும்தான் வேறு.

"இது என்னா புள்ள, நம்ம சாமான் மாதிரியே இருக்கு" என்றாள் பாலம்மா.

"மாதிரி இல்லக்கா. அதேதான்."

லோஜினி இரண்டு புஷ்களையும் எடுத்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். நேற்றிலிருந்தே அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குக் காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு வழி கண்டுபிடித்தவள் அவள்தான். வெட்டியெறிந்த பிசிறு ஒன்றை எடுத்து இடது பொத்தானை அமுங்கியபடியே இறுகக் கட்டிவிட்டாள். அப்புறம் வலது பொத்தானை மட்டும் அழுத்தினால் போதும். இடது கை சும்மா இருக்கும், அடுத்த துண்டுகளை எடுக்கலாம். ஒரு நாளைக்கு எண்பது தட்டு எடுத்தவள் தொண்ணூற்றிரண்டு எடுத்தாள். சுதேஷ் வந்து கட்டைப் பார்த்தார், சிரித்தார். "மூள இருக்கு ஒனக்கு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த மாதம் இரண்டு கொட்டகைக்கும் தொண்ணூற்றிரண்டுதான் கணக்கு என்று பலகையில் எழுதிப் போட்டார்கள்.

சும்மா இருக்கும் கை அச்சுக்குள் போய்விடலாம், அந்த வழியில் ஆபத்து உண்டு என்பதும் மேல் கொட்டகைக்குத் தெரியும். ஒருநாள் பாலம்மாவின் கை மயிரிழையில் தப்பியது. அன்றிலிருந்து, மேல் கொட்டகையின் லைன் லீடரான லோஜினி ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். வலது பொத்தானைத் தொடுமுன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மேலங்கியின் ஓரத்தைப் பிடிக்க வேண்டும், 'கை' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கொட்டகை முழுக்க நாளெல்லாம் 'கை, கை' என்று கேட்கும். அதன் பிறகு அங்கே யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

போன மாதம் வத்தேகம பஸ் நிலையத்தில் கைரியா அவளைத் தேடி வந்தாள். நாற்பது வயதுப் பெண், கேட்கவே கூச்சப்பட்டாள்.

"தங்கச்சி, எங்களுக்கு எண்பதே எடுக்க ஏலாம ஈக்கி. மனேஜர் ஒவ்வொரு நாளும் ஏசுறார். நீங்க எப்பிடி எடுக்கிற?"

லோஜினி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பையிலிருந்த பிசிறைத் தன் குடைப்பிடியில் சுற்றி முடிச்சைக் காட்டிக்கொடுத்தாள். கைரியா இரண்டு தரம் கட்டிப் பழகினாள். "அல்லாஹ் ஒங்களுக்கு நல்லத தருவான்" என்று சொன்னாள். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டிய கையைப் பற்றி லோஜினி வாய் திறக்கவில்லை. மறந்துபோகவில்லை. அது நாக்கு நுனிவரை வந்தது. அதையும் சொன்னால் கீழ்க் கொட்டகை பயமில்லாமல் வேகமெடுத்துத் தங்களை முந்திவிடும் என்று நினைத்தாள், விழுங்கிவிட்டாள்.

நேற்று அலறல் கேட்டுச் சரிவில் ஓடியபோது அவள் முதலில் பார்த்தது இரத்தத்தை அல்ல. இடது பொத்தானில் தான் சொல்லிக்கொடுத்த முடிச்சைத்தான் பார்த்தாள்.

எட்டு மணிக்குச் சுதேஷ் அவளைக் கந்தோருக்கு, தன் அலுவலக அறைக்கு, கூப்பிட்டார்.

"கதிரையில உக்காரும்மா" என்றார். மேசையில் தட்டச்சு செய்த தாளொன்று இருந்தது. 'பொத்தானைக் கட்டக் கூடாது என்று லைன் லீடராகிய நான் இரண்டு கொட்டகையிலும் எல்லாரையும் எச்சரித்திருந்தேன். கைரியா அதை மீறித் தன் சொந்தக் கவனக்குறைவால் காயமடைந்தார்.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"சேர், நா யாரையும் எச்சரிக்கலயே. நீங்களும் கட்டப் பாத்தீங்க."

"நா எதையும் பாக்கல. லேபர் கந்தோர்லருந்து வெள்ளிக்கிழம விசாரிக்க வாறாங்க. இந்தப் பேப்பர் இல்லாட்டி வெளிநாட்டுக்காரன் வரைக்கும் விசயம் போகும், ஓடர் போகும். அறுபது பொம்பளைங்க வீட்டுக்குப் போகணும். அது ஒனக்கு விருப்பமா?"

லோஜினி தாளைத் தொடவில்லை. "சேர், மேல் செட்டு புஷ்ஷும் கீழ் செட்டு புஷ்ஷும் ஒண்ணுதானே?"

சுதேஷ் கைத்தொலைபேசியை எடுத்தார். சிரித்தபடி அதில் ஒரு படத்தைக் காட்டினார். சிவப்புக் காரும் நீலக் காரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கோட்டுப் போட்ட இரண்டு பேர் நடுவில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கண்டுபிடிச்சிட்டியா? ஒரே கார்தான். தனித்தனியா செஞ்சா செலவு கட்டுப்படியாகாதுன்னு ரெண்டு கம்பனியும் சேந்து செஞ்சது. முன்னுக்கு ஒட்டுற பேருதான் வேற."

"அப்ப பாம்பும் கீரியும்னு சொன்னது?"

"வேல நடக்கணுமே. நா புசல்லாவ தோட்டத்து லயத்துல பொறந்தவன், நம்ம ஆளுங்களுக்கு எப்ப ரோசம் வரும்னு எனக்குத் தெரியாதா?" அவர் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "அந்த முடிச்ச அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்ததுன்னும் எனக்குத் தெரியும் லோஜினி. விசாரண வந்தா மொதல்ல மாட்டுறது நீதான். நாளைக்கு காலைல கையெழுத்தோட கொண்டா."

தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தாள். கையெழுத்துப் போட்டால் குற்றம் முழுவதும் கைரியாவின் தலையில் விழும், அவளுக்கு நட்டஈடு கிடைக்காது. போடாவிட்டால் தன் வேலை போகும், அவமானம் வேறு. தலைவலி என்று அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு கண்டிக்குப் பஸ் ஏறினாள்.

பெரியாஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. கைரியா தலையணையில் சாய்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கையை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். அவளுடைய தங்கை அம்னா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அம்னாவுக்கும் கீழ்க் கொட்டகையில்தான் வேலை. லோஜினி கொண்டுபோன தோடம்பழப் பையை அலுமாரிமேல் வைத்தாள்.

"வந்தது பெரிய சந்தோசம் தங்கச்சி" என்றாள் கைரியா. "நீங்க நல்லதுக்கு செல்லித் தந்தீங்க. என்ட புத்திதான் கெட்டுப் போச்சி. ஒரு துண்டு சரிஞ்சிருந்திச்சி, அத நேராக்கக் கைய வெச்சிட்டன்."

அந்த வார்த்தையை லோஜினியால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட நின்று கேட்டிருப்பாள்.

"அக்கா, நா ஒங்களுக்குப் பாதிதான் சொன்னேன்" என்றாள். முதுகுக்குப் பின்னால் போகும் கையைப் பற்றியும், நாக்கு நுனியில் வந்து நின்றதைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்கு அருவருப்பாக இருந்தது.

கைரியா தலையணையிலிருந்து நிமிர்ந்தாள்.

"தெரிஞ்சிட்டே செல்லாம ஈந்தீங்களா?"

"ஆமாக்கா."

"ஏன்?"

"நீங்க எங்கள முந்திருவீங்கன்னு."

கைரியா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அந்தப் பழத்த எடுத்துட்டுப் போங்க" என்றாள். லோஜினி பையை எடுத்துக்கொண்டு வாசலை நெருங்கியபோது அந்தக் குரல் மறுபடி வந்தது. "என்ட காதுல செல்லி என்ன பிரயோசனம்? செல்ல வேண்டிய எடத்துல செல்லுங்க."

வியாழக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் லோஜினி தொழிற்சாலை முற்றத்தில் நின்றாள். இரண்டு கொட்டகைக்கும் நடுவே சிமெந்துப் படிக்கட்டு. இரண்டு பஸ்களும் வந்து ஆட்களை இறக்கின. வழக்கம்போல மேலே ஒரு கூட்டமும் கீழே ஒரு கூட்டமுமாகப் பிரியப் பார்த்தார்கள். அவள் படியில் ஏறி நின்று எல்லோரையும் கூப்பிட்டாள். இரண்டு கூட்டமும் படியருகே நின்றன.

முதலில் இரண்டு புஷ்களைக் காட்டினாள். கார் ஒன்றுதான், செய்யும் கம்பனிகள் கைகுலுக்கிச் சேர்ந்துவிட்டன, நம்மைத்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்றாள். அடுத்து சுதேஷ் கொடுத்த தாளைப் படித்துக் காட்டினாள். கடைசியில் குடைப்பிடியில் கட்டிக் காட்டியதையும் விழுங்கியதையும் சொன்னாள்.

"கைரியாக்கா மேல பிழ இல்ல. பிழ என்னோடது. அதப் பாத்துட்டுச் சிரிச்ச மனேஜரோடதும்."

அம்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நீங்க மனிசியா?" என்றாள். லோஜினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ மட்டுமா?" என்று கேட்டபடி பாலம்மா நடுவே வந்தாள். "நானுந்தான் ஒங்க செட்டு தோத்ததுக்குக் கை தட்டுனேன் புள்ள. நாலு மாசமா நானும் கட்டிக்கிட்டுத்தான் வேல செஞ்சேன். அதையும் எழுதிக்க."

"நானும் கட்டினன்" என்றாள் கீழ்க் கொட்டகையின் றமீலா. "நானும்" என்றார்கள் இன்னும் சிலர். வேறு சிலர் வாசல் கேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்ற பயம் அவர்கள் முகத்தில் இருந்தது. ஆனால் அவர்களும் உள்ளே போகவில்லை.

சத்தம் கேட்டுச் சுதேஷ் இறங்கி வந்தார். "என்ன கூட்டம்? மெசின் சூடேறி நிக்குது, உள்ள போங்க."

"ரெண்டு பொத்தானும் வேல செய்யாத மெசின்ல இனி யாரும் கை வைக்க மாட்டோம் சேர்" என்றாள் லோஜினி. "பழைய எண்பதப் பலகையில எழுதுங்க. கைரியாக்காவுக்கு நடந்தத நடந்த மாதிரியே எழுதுங்க. அதுவரைக்கும் இங்கதான் இருப்போம்."

"இதுல நீ மாட்டிக்குவ லோஜினி."

"நா மாட்டிக்க வேண்டியவதான் சேர். வெள்ளிக்கிழம அவங்க வந்ததும் நானே சொல்றேன். நீங்களும் பக்கத்துல வந்து நில்லுங்க."

"ஓடர் போனா?"

பாலம்மா சிரித்தாள். "பாம்பும் கீரியுமே கை குலுக்கிருச்சாமே சேர். நமக்கு மட்டும் என்னாத்துக்கு ரெண்டு செட்டு?"

சுதேஷ் கைத்தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தபடி கந்தோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதலாளி வருவாரா, பொலிஸ் வருமா, நாளைக்குக் கேற் திறக்குமா என்று யாருக்கும் தெரியாது. பெண்கள் ஒவ்வொருவராகப் படிகளில் உட்காரத் தொடங்கினார்கள். மேல் கொட்டகை எது, கீழ்க் கொட்டகை எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கலந்து உட்கார்ந்தார்கள்.

லோஜினி உட்கார்ந்த படியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். சற்று நேரத்தில் ஒரு நிழல் வந்து நின்றது.

"ஒங்க மேல எனக்கு ஈக்கிற கோவம் போகல்ல" என்றாள் அம்னா. "போகவும் போகாது. அது வேற விசயம். கொஞ்சம் தள்ளுங்க."

லோஜினி தள்ளினாள். அம்னா அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.