கை தூக்கியவர்கள்

தலைவி மேடையிலிருந்து கைகளை எண்ணத் தொடங்கியதும், மாதர் சங்கச் செயலாளரான பிளாரன்ஸ் டீச்சர் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

உலக நாடுகள் சேர்ந்து பெண்ணுரிமைக்கென்று ஒரு குழு அமைத்திருந்த சமயம் அது. அதற்கு யாரை அனுப்புவது என்பதை டெல்லி முடிவு செய்யும். டெல்லியின் காதில் விழ வேண்டுமென்றால் ஊர் ஊராக மாதர் சங்கங்கள் தந்தி அடிக்க வேண்டும். இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒருவர் தூத்துக்குடிச் சங்கத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்த ஜமீன் அம்மாள். காற்று வாங்கியவர்கள் நன்றி மறக்கலாமா? மற்றவர் வக்கீல் தேவமணி. ரங்கூனில் குண்டு விழுந்தபோது காணாமல் போனவர்களின் மனைவிகளுக்காகக் கோர்ட்டு ஏறியவர்.

தேவமணிக்கு ஆள் சேர்க்கத்தான் பிளாரன்ஸ் காயல்பட்டினம் போனாள். பெண்கள் மட்டும் புழங்கும் முடுக்குச் சந்துகள் வழியாக வீடு வீடாக ஏறி இறங்கினாள். அந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம். ஆனால் சொந்த வீட்டு முன்வாசலில் அவள் நிற்க மாட்டாள்.

"ரங்கூன் போன எம் மாப்பிள்ளை உசுரோட இருக்காவளா, மௌத்தாயிட்டாவளான்னு தெரியல. இத்தா இருந்து துக்கம் கழிக்கவும் வழியில்ல" என்றாள் பதுருன்னிஸா. "எனக்காவப் பேசுனது அந்த வக்கீலம்மா ஒருத்திதான். ஆம்பளைய கண்ணுல படாம உக்கார எடம் தாங்க டீச்சரம்மா, தெருவே தெரண்டு வாரோம்."

சொன்னபடியே பஸ் நிறைய வந்தார்கள். பத்திரிகைக்காரர்களும் முனிசிபாலிட்டி ஆட்களும் வருவார்கள் என்று மண்டபத்தின் பின்பாதியில் பிளாரன்ஸே கனத்த திரை கட்டியிருந்தாள்.

"ஜமீன் அம்மாள்தான்!" என்றார் தலைவி, எண்ணி முடித்து. கைதட்டல் எழுந்தது. தந்தி ஆபீசுக்குப் போக ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான்.

பிளாரன்ஸுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்தும் கடைசியில் காலை வாரிவிட்டார்களே! நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று விறுவிறுவென்று போய்த் திரைக்குள் நுழைந்தாள்.

எல்லாக் கைகளும் தூக்கியபடியே இருந்தன. வெளியே ஒரு கைகூடத் தெரிந்திருக்காது. பதுருன்னிஸா வலது கை தளராமலிருக்க அதை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"எண்ணிட்டாவளா டீச்சரம்மா? கைய எறக்கலாமா?"

வெளியே ஜமீன் அம்மாளுக்கு மாலை போடுவதற்குத் தலைவி பிளாரன்ஸின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எறக்காதீய லாத்தா" என்றாள். "யாரும் எறக்காதீய."