சேதி வண்டி

என் ரோபோ வகுப்பில் எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. ஆசிரியை கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து, சண்டை போட்டு, சமாதானமாகி, தாங்களே செய்ய வேண்டும். சக்கரம் கழன்று ஓடினாலும் தொடமாட்டேன். "புரோகிராம்ல நீங்க எழுதாததை அது செய்யாது" என்று மட்டும் சொல்வேன். கேட்டுக் கேட்டு அவர்களுக்கே அது புளித்துவிட்டது.

இந்த முறை, ஒவ்வொரு குழுவும் வீட்டில் இருக்கும் ஒரு தொல்லையைத் தீர்க்க ஓர் இயந்திரம் செய்ய வேண்டும் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

என் மகளும் அதே வகுப்புதான். அவள் குழுவில் எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத ஒரு பெண், பட்டப்பெயர் ஸ்கேல். வாய் ஓயாத ஒரு பையன், பட்டப்பெயர் பேட்டரி. யார் வீட்டுத் தொல்லையை எடுப்பது என்று ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ஸ்கேல் வீட்டில் தம்பியின் குறட்டை. பேட்டரி வீட்டில் காணாமல் போகும் ரிமோட். இரண்டையும் தள்ளிவிட்டு, அத்தனை ஓட்டையும் வாங்கி என் மகளின் தொல்லை ஜெயித்தது. அது என்ன என்று கேட்டேன்.

"வீட்ல நான் பாக்குற வேலைம்மா."

அவள் பார்க்கும் வேலை இதுதான். அவள் அப்பா படுக்கையறையிலிருந்து "அம்மாகிட்ட சொல்லு, பல்பு போயிடுச்சு" என்பார். பாதிக் கணக்கில் எழுந்துவந்து சமையலறையில் என்னிடம் சொல்வாள். எங்கள் வீடு ஒன்றும் அரண்மனை இல்லை, அவர் சொன்னது முதலிலேயே என் காதில் விழுந்திருக்கும். நான் ஒரு 'ம்' கூடக் கொட்டமாட்டேன்.

காரணம் இருக்கிறது. அவர் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். அவருடைய வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. எனக்குக் கற்றுத்தந்தபோது, பூனைகூடக் குறுக்கே வராத காலித் தெருவில் அதை மிதித்தார். ஏன் என்று கேட்டேன். பழக்கம் என்றார். சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு இறங்கியவள்தான், அதற்குப் பிறகு பேசவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னமும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அதில் என் மகளுக்கு ஓர் உத்தியோகம் கிடைத்திருந்தது எனக்குத் தெரியாது. சுருக்கென்றது.

குரலைப் பதிவு செய்துகொண்டு, தரையில் ஒட்டிய கறுப்பு டேப் வழியே ஓடி, சிவப்புப் புள்ளியில் நின்று ஒலிக்கிற குட்டி வண்டி ஒன்றைச் செய்தார்கள். ஸ்கேல் எங்கள் வீட்டுக்கே வந்து படுக்கையறை வாசலிலிருந்து சமையலறை வரை அளந்துகொண்டு போனாள். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

பெற்றோர் வந்து பார்க்கும் நாள். பேட்டரி எழுந்து, பேசிக்கொள்ளாதவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது ரொம்ப உபயோகம் என்று விளக்கினான். யார் வீடு என்று சொல்லவில்லை. டேப்பின் ஒரு முனையில் என் கணவர் உட்கார்ந்திருந்தார், மறுமுனையில் நான் நின்றிருந்தேன்.

அவர் குனிந்து வண்டியிடம் ஏதோ முணுமுணுத்தார். அது ஒரு நாற்காலிக் காலில் இடித்து, சுதாரித்து, என் காலடியில் வந்து நின்றது.

"அம்மாகிட்ட சொல்லு," என்றது அவர் குரலில். "அன்னைக்கு நான் பிரேக்க மிதிச்சது தப்பு. தெருவுல ஒண்ணுமே இல்ல. எனக்குத்தான் பயம்."

யாரோ இருமினார்கள். பதில் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே தோன்றியது. எங்கே பேச வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது திரும்பிப் போகாதும்மா," என்றாள் மகள். "பதிலுக்கு நாங்க எதுவும் எழுதல."

"ஏன்?"

"நம்ம வீட்ல பதிலே வந்ததில்லையே."

சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். "எழுதாததை அது செய்யாது, மிஸ்," என்று பேட்டரி எனக்கு நினைவூட்டினான்.

பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தேன். அத்தனை தலைகளுக்கும் மேலே அவரைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழமை நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க. கால மட்டும் மடக்கி வச்சுக்கங்க."

மகள் பழக்கதோஷத்தில் அவர் பக்கம் திரும்பினாள். "அப்பா, அம்மா சொல்றாங்க, ஞாயித்துக்கிழமை..."

"கேட்டுச்சுடா," என்றார்.

அவள் குனிந்து வண்டியின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்த் தன் குழுவோடு உட்கார்ந்தாள்.